மஸ்அலா கேட்டாயிற்று, மருத்துவரைக் கேட்டாயிற்றா?

தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பின்னர், தூண் ஓரமாகக் காத்திருந்து ஆலிமிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் மஸ்அலாக்கள் சில உண்டு. "ஒருவருக்கு இஸ்தின்ஜா செய்த பிறகும் சொட்டு வருகிறதாம், ஒளு நிற்குமா?" என்று தொடங்கும். அந்த 'ஒருவர்' பெரும்பாலும் கேட்பவரேதான். இரவில் நான்கைந்து முறை எழ நேர்கிறது, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, அடிவயிறு கனக்கிறது, சில நாள் நிறம் சிவந்து காண்கிறது, இந்நிலையில் முன்னின்று தொழவைக்கலாமா, கைலியை ஒவ்வொரு வக்துக்கும் மாற்ற வேண்டுமா என்று கேள்விகள் நீளும். மனைவியிடம் சொல்லாததை, மகனிடம் சொல்லாததை, மருத்துவரிடம் நிச்சயமாகச் சொல்லாததை நம் ஆண்கள் ஆலிமிடம் சொல்கின்றனர். தொழுகை கூடுமா கூடாதா என்ற அச்சமே அவர்களை வாய் திறக்க வைக்கின்றது. சிறுநீர் விஷயத்தில் பேணுதல் இல்லாதவர் கப்ரில் வேதனைக்கு உள்ளாவது பற்றிய ஹதீஸை மக்தபில் ஓதிய நாளிலிருந்து சுமந்து வருபவர்கள் நாம். அந்த அச்சம் நல்லது.

கேட்கப்பட்ட கேள்விக்கு ஃபிக்ஹில் தெளிவான விடை இருக்கின்றது. சிறுநீர் அடங்காமல் கசிந்துகொண்டே இருப்பவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி, வக்து நுழைந்த பிறகு இடத்தைக் கழுவி, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, உடனே ஒளுச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஒரு ஒளுவுக்கு ஒரு பர்ளும், அதனுடன் வேண்டிய சுன்னத்துகளும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில், ஒரு வக்து முழுவதும் ஒளுச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காத நிலை ஏற்பட்டால் அவர் உஸ்ர் உடையவர் ஆகிறார். வக்துக்கு ஓர் ஒளு, அந்த வக்து வெளியேறும்வரை அது அவருக்குப் போதும். சொட்டு வந்ததா இல்லையா என்ற வெறும் ஐயமாயின் அது வஸ்வாஸ். துணியில் சிறிது நீர் தெளித்துவிட்டு அதைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். விடை பெற்றவர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்.

நம் கவலை அங்கேதான் தொடங்குகின்றது. அந்த விடை, நோயாளி எவ்வாறு தொழுவது என்பதற்கான விடை. நோயைச் சுமந்துகொண்டே இருக்கலாம் என்பதற்கான அனுமதி அன்று. மார்க்கம் தந்த ருக்ஸத்தைப் பெற்றுக்கொண்டவர், அதே நோயுடன் ஓராண்டு, ஈராண்டு கடத்திவிடுகிறார். தொழுகை நிறைவேறுகிறது, உள்ளே சிறுநீரகம் அழிந்துகொண்டிருக்கக் கூடும்.

மன்னார் வளைகுடாவின் இக்கரையில் இந்த நோய்க்கு மற்றொரு திரையும் உண்டு. அதன் பெயர் 'சூடு'. நீர்க்கடுப்பு என்றாலே தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் குலசேகரன்பட்டினத்திலும் முதல் தீர்ப்பு அதுதான்: உடம்பு சூடாகிவிட்டது, இளநீர் குடி, மோர் குடி, பார்லிக் கஞ்சி குடி, வெந்தயம் ஊற வை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. உப்பளத்தில் வெயிலில் பாத்தி வாருபவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், லாரியில் நாள் முழுவதும் வரிசையில் நிற்பவர் ஆகியோர் தண்ணீர் குறைவாகக் குடிப்பர். ஒதுங்க இடமின்றிச் சிறுநீரை அடக்குவர். வியர்வையில் நீர் போனால் சிறுநீர் செறிவடைந்து எரியும். ஆனால் அத்தகைய எரிச்சல் நன்றாகத் தண்ணீர் குடித்தால் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். வாரக்கணக்கில் நீடிப்பது, போய்ப் போய் மீண்டு வருவது, இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது, இரத்தம் கலந்து வருவது ஆகியவை சூடு அல்ல. இளநீர் அருமையான பானம். கிருமியைக் கொல்லும் மருந்து அன்று.

ஊருக்கே பொதுவாகிவிட்ட துன்பம் நோயாகத் தெரிவதில்லை என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சான்று இருக்கின்றது. நன்னீரில் வாழும் நத்தைகளின் வழியே பரவும் ஒரு புழு, தோலைத் துளைத்து உடலில் புகுந்து சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் தங்கிவிடும். சிறுநீரில் இரத்தம் வரும். அந்நோய் மிகுந்த சில பகுதிகளில், சிறுவர்களின் சிறுநீரில் இரத்தம் வருவதைப் பருவம் எய்துவதன் அடையாளமாகவே மக்கள் கருதி வந்தனர். 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அப்புழுவைக் கண்டறிந்தார். பில்ஹார்சியா என்ற பெயர் அவரால் வந்தது. இந்தியாவில் அது அரிது. மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள கிம்வி என்ற சிற்றூரில் 1952இல் அறியப்பட்டதே நன்கு பதிவான நிகழ்வு. ஆனால் நம் மக்கள் எகிப்திலும் சூடானிலும் ஏமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிழைக்கச் சென்றவர்கள். அங்கே ஆற்றிலோ ஏரியிலோ குளித்தவருக்குப் பின்னாளில் சிறுநீரில் இரத்தம் கண்டால், எந்த நாட்டில் இருந்தோம் என்பதைத் தாமாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டில் தவறவிடப்படும் பெரிய நோய் வேறு. பொதுவாக நடப்பதைச் சொல்வோம். ஒருவர் ஒருவழியாக மருத்துவரிடம் செல்கிறார். சிறுநீர்ப் பரிசோதனையில் 'பஸ் செல்ஸ்', அதாவது சீழ் அணுக்கள், மிகுதி என்று வருகிறது. ஐந்து நாள் மாத்திரை. சற்றுத் தணிகிறது, பிறகு திரும்புகிறது. வேறு மாத்திரை. அடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனை. இரண்டு நாள் கழித்து 'நோ குரோத்' என்று அறிக்கை வருகிறது, எதுவும் வளரவில்லையாம். நோயாளி மகிழ்கிறார்: கிருமி இல்லை. அவருடைய கடுப்பு மட்டும் போவதில்லை. நாளடைவில் "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லத் தொடங்குகின்றனர். "வஸ்வாஸ்" என்று அதற்கு அரபுப் பெயரும் கிடைத்துவிடுகிறது.

சீழ் அணுக்கள் இருக்கின்றன, சாதாரணக் கிருமி வளரவில்லை என்ற இந்த முரண்பாட்டையே ஒரு குறிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவ நூல்களின் பழைய பாடம். அவ்விடத்தில் நினைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது காசநோய்.

காசநோய் என்றால் இருமல் என்றே நாம் அறிவோம். ஆனால் மூச்சின் வழியே நுரையீரலில் புகும் அக்கிருமி, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்திற்கும் செல்லும். அங்கே பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயதினாலோ சர்க்கரை நோயினாலோ வேறு காரணத்தினாலோ உடலின் தற்காப்புக் குன்றும்போது விழித்துக்கொள்ளும். சிறுநீரகத்திலிருந்து குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்கும். ஆண்களுக்கு விந்தகத்தை ஒட்டிய பகுதியையும் தாக்கி, அங்கே கெட்டியான வீக்கத்தை உண்டாக்கும். இருமல் இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் போவதும், எரிச்சலும், இரவில் எழுவதும், எப்போதாவது இரத்தமும் மட்டுமே அதன் முகமாக இருக்கும். உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் நாட்டில் இதை மறந்துவிடுவது பொருத்தமன்று.

சாதாரண வளர்ப்பில் அது ஏன் அகப்படுவதில்லை? மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்பவை. காசநோய்க் கிருமிக்கு அதற்கென அமைந்த ஊடகமும் வாரக்கணக்கில் காலமும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருப்பர். இரண்டு நாளில் 'வளரவில்லை' என்று எழுதிய அறிக்கை பொய் சொல்லவில்லை. அது தேடியது வேறொன்றை. இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு: நீர்க்கடுப்பிற்கு மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கப்படும் சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். முற்றாக ஒழிக்காது, அடக்கும். நோயாளிக்குச் சுகமாகிவிட்டது போலத் தோன்றும். பரிசோதனையிலும் கிருமி ஒளிந்துகொள்ளும். சீட்டில்லாமல் வாங்கி விழுங்கிய ஐந்து மாத்திரை, நோயறிவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடும்.

அந்தத் தாமதத்திற்கு விலை உண்டு. சிறுநீர்க் குழாய் தழும்பேறிச் சுருங்கி அடைபடும். அடைபட்ட பக்கத்துச் சிறுநீரகம் வீங்கி மெல்லச் செயலிழக்கும். சிறுநீர்ப்பையும் சுருங்கிக் கைப்பிடி அளவுக்குக் குறைந்துவிடும். பிறகு மருந்தினால் கிருமி ஒழிந்தாலும் அடிக்கடி எழும் துன்பம் ஒழியாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். விந்து செல்லும் பாதை அடைபட்டுக் குழந்தைப் பேறும் தடைப்படலாம். பிள்ளை இல்லை என்று மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, மூன்று நான்கு வாரங்களைக் கடந்தும் கடுப்பு நீடிப்பவர், இரண்டு முறை மாத்திரை தின்றும் திரும்ப வருபவர், மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம்: "சிறுநீரில் காசநோய்க்குப் பார்த்தீர்களா?" அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. அதிகாலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீரை, தொடர்ந்து மூன்று நாளாவது, சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுக்கச் சொல்வர். இரவெல்லாம் பையில் தங்கியதில்தான் கிருமி சேர்ந்திருக்கும் என்பது காரணம். சுப்ஹுக்கு எழுபவருக்கு இது எளிது. ஒளுச் செய்யப் போகும் முன் குப்பியை நினைவில் வைத்தால் போதும். வளர்ப்புக்குக் காத்திருக்காமல் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளும் இப்போது அரசு மருத்துவமனைகளில் உள்ளன. அவற்றில் வரவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவாகாது. ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்தல் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். முன்னர் தின்ற மாத்திரைகளின் பெயர்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கேனும் எப்போதாவது காசநோய் இருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, வாய் திறக்கவிடாமல் செய்யும் வெட்கத்தின் வேர் எது என்பதற்கு வருவோம். ஆண் ஒருவருக்கு அந்தரங்க உறுப்பில் நோய் என்றால், அவர் எங்கோ தவறு செய்திருப்பார் என்று ஊர் நினைக்கும்; அதிலும் கப்பலில் போகிறவர், வளைகுடாவில் இருந்து வந்தவர், லாரி ஓட்டுகிறவர் என்றால் சொல்லவே வேண்டாம். கொணோரியா, கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகளும் இதே எரிச்சலைத் தரும் என்பது உண்மை. அவையும் சாதாரண வளர்ப்பில் தப்பிவிடுபவையே. தனிப் பரிசோதனை வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும், இல்லையேல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மீண்டும் வரும். பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இன்றியே உள்ளுக்குள் கருக்குழாயைக் கெடுத்துவிடக் கூடியது கிளமிடியா. இத்தகைய நிலையில் மறைப்பது மனைவிக்குச் செய்யும் அநீதி. குற்றம் செய்தவருக்குத் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. அது அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலானது. மருத்துவமனையில் அவர் ஒரு நோயாளி மட்டுமே.

ஆனால் நீர்க்கடுப்பு வந்தவரையெல்லாம் அந்தக் கண்ணால் பார்ப்பது சூரா அல்ஹுஜுராத்தில் தடுக்கப்பட்ட தீய எண்ணமே அன்றி வேறில்லை. சிறுநீரகக் காசநோய், இருமும் ஒருவரின் அருகே மூச்சு விட்டதால் வந்தது. பால் போல வெண்மையாகச் சிறுநீர் போவது யானைக்கால் நோயைத் தரும் அதே புழுவால், கொசுக்கடியால் வரலாம். அடிக்கடி போவதற்குச் சர்க்கரை நோயே காரணமாக இருக்கலாம். ஐம்பது, அறுபதைக் கடந்தவருக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். வலியே இல்லாமல் இரத்தம் போவதை, குறிப்பாகப் புகைபிடிப்பவருக்கு, ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது; சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அவ்வாறே தலைகாட்டும். இவற்றுள் எது என்று ஊராரின் நாவு அறியாது.

சிறுநீரைக் காட்ட வெட்கப்படுவது நம் மரபும் அன்று. கண்ணாடிக் குப்பியில் சிறுநீரைப் பிடித்து நிறம், தெளிவு, அடியில் படிவது, மணம் ஆகியவற்றைப் பார்த்து நோய் சொல்லும் 'காரூரா' முறை யூனானி ஹகீம்களின் அடிப்படைக் கலை. இப்னு ஸீனா தம் அல்கானூனில் அதை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவருக்கு முன் அபூபக்ர் அர்ராஸீ சிறுநீரகக் கல், சிறுநீர்ப்பைக் கல் பற்றித் தனி நூலே இயற்றினார். தமிழ் மண்ணின் சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று தேரையர் பெயரால் வழங்கும் முறை உண்டு; சிறுநீரின் மேல் விட்ட எண்ணெய்த் துளி எவ்வாறு பரவுகிறது என்று பார்ப்பர். இரு மரபையும் ஒருங்கே பெற்ற சமுதாயம் நாம். பரிசோதனைக் கூடத்தில் குப்பியை நீட்டத் தயங்குவது எங்கிருந்து வந்ததோ.

ஆலிம்களின் பொறுப்புக்கு வருவோம். "மஸ்அலா சொல்வது எங்கள் வேலை, மருந்து சொல்வது மருத்துவர் வேலை" என்று சிலர் கூறுவர். மருந்து சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியே வரும் நிகழ்வு ஆலிம்கள் யாவரும் ஓதியதே: பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று, தண்ணீர் இருக்கும்போது தயம்மும் செய்ய உமக்கு அனுமதி இல்லை என்று தோழர்கள் கூற, அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதே அல்லவா என்ற பொருள்பட உரைத்தார்கள். உடலின் நிலையை அறியாமல் சட்டம் மட்டும் சொல்வதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? ஆகவே, சொட்டு வருகிறது என்று கேட்டு வருபவரிடம் மஸ்அலாவைச் சொல்லுமுன் இரண்டு கேள்விகள் கேட்பது ஆலிமின் கடமை என்பதே நம் துணிபு: எத்தனை நாளாக? மருத்துவரிடம் காட்டினீரா? இல்லை என்றால், ருக்ஸத்தைச் சொல்லி, அத்துடன் இந்த வாரமே மருத்துவமனைக்குச் செல்லுமாறும் சொல்லி அனுப்ப வேண்டும். வேறு யாரிடமும் சொல்லாததை அவர் இங்கே சொல்லியிருக்கிறார். இந்த வாசலும் அடைபட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு சொல். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவது தடுக்கப்பட்டிருக்க, ஜும்ஆவில் நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்தில் இரண்டே கழிப்பறைகளை வைத்து, அதில் ஒன்றைப் பூட்டியும் வைப்பது என்ன நியாயம்? முதியவர்கள் ஜும்ஆ அன்று காலை முதல் தண்ணீரே குடிக்காமல் வருவதன் காரணம் இதுதான்.

காசநோய் என்று உறுதியானால் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்தளித்தாலும் அதே அளவு குணம் கிடைக்கும் என்று 1959இல் உலகிற்குக் காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் அந்நிறுவனத்தின் பணி பல நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றிற்று. இன்று பொதுவாக ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் மூன்று. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். ஊட்டத்திற்காக மாதம் 500 ரூபாய் என்று 2018 முதல் அளிக்கப்பட்ட உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. நுரையீரலில் நோய் இல்லாது சிறுநீரகத்தில் மட்டும் இருப்பவரிடமிருந்து அது பிறருக்கு எளிதில் பரவுவதில்லை. தட்டைப் பிரிக்கவும் ஸஹனை விட்டு விலக்கவும் தேவையில்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை உண்பவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சில மருந்துகள் ஒன்றையொன்று பாதிக்கும். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றே காட்ட வேண்டும். நடுவில் சுகம் தெரிந்ததும் நிறுத்திவிடுவதே பெருங்கேடு. அடுத்து வருவது மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கலாம். ரமளானில் நோன்பு நோற்க விரும்புபவர், மாத்திரையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். இயலாது என்றால் நோயாளிக்குரிய சலுகை அவருக்கு உண்டு, பின்னர் களாச் செய்துகொள்ளலாம். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பைப் பிடிப்பது கூடாது.

மருந்து தொடங்கிய மறுநாளே ஒரு மஸ்அலா வரும், அதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட அந்நிறம் கொள்ளும். அது இரத்தம் அன்று, மருந்தின் சாயம். அஞ்சி நிறுத்த வேண்டாம். சட்டம் சிறுநீரின் சட்டமே, நிறத்தால் அது கூடுவதும் குறைவதும் இல்லை. அந்நிற வியர்வை பட்ட சட்டை நஜீஸ் ஆகாது. சிறுநீர் பட்ட துணியை முறைப்படி கழுவிய பிறகும் போகாமல் நிற்கும் கறை மன்னிக்கப்பட்டது, அத்துணியுடன் தொழலாம்.